கட்டிலுக்கு அந்தப் பக்கம்

என் பிரிவு உபசார விழாவில் என்னைப் போலவே நடித்துக் காட்டினார்கள். ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நர்ஸாக நின்றவன் நான். நின்றவன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும். நின்று நின்று கால் நரம்புகள் சுருண்டுபோய், ஐம்பத்தாறு வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பெண் நர்ஸை சிஸ்டர் என்பதுபோல ஆண் நர்ஸை பிரதர் என்பார்கள். சாமுவேல் பிரதர். ஊரில் பாதிப் பேருக்கு நான் உடன்பிறப்பு. சொத்தில் மட்டும் ஒருத்தரும் பங்கு தரவில்லை.

விழாவில் ஒரு பையன் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு நானாக வந்தான். நடுவில் ஒரு கட்டில். மூக்கு அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிற நோயாளியாக இன்னொருத்தன். தலையணைக்காரன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் குரலில் டிஸ்சார்ஜ் தாளை வாசித்தான். "ஒண்ணு, குனியக் கூடாது. ரெண்டு, மூக்கைச் சிந்தக் கூடாது. மூணு, தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மணும்." நோயாளி கட்டிலைச் சுற்றி இவன் பக்கம் வந்தால், இவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். இப்படி மூன்று சுற்று. "ஒம்பதாவது, பத்து நாளைக்கு யார் கால்லயும் விழக் கூடாது!" என்று முடித்ததும் அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். என் தொப்பையை அவ்வளவு பெரிதாகக் காட்டியிருக்க வேண்டாம்.

சிரிப்பு அடங்கியதும், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு நர்ஸ் பெண் கேட்டாள். "நெசமாவே ஏன் சார் எப்பயும் கட்டிலுக்கு அந்தப் பக்கமே நிப்பீங்க?"

"பேஷண்ட் தும்முனா சட்டை கெட்டுரும்மா."

அதற்கும் சிரித்தார்கள். அது பொய். வேலைக்காலம் முழுக்க நோயாளிகளிடம் நான் சொன்ன பொய்கள் மூன்று வகை: வலிக்காது, செத்த நேரம்தான், டாக்டர் வந்துகிட்டே இருக்காங்க. இது எதிலும் சேராது. அந்தப் பெண் விடாமல் பிறகும் கேட்டாள். "இப்பம் எலும்பை அதிர்வுலயே அறுக்குற மெஷின் வந்துட்டு. ரத்தம் உறையுறதுக்கு டிரிப்ஸ்ல மருந்து இருக்கு. அப்பம் எதுவுமில்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்.

மூக்கு அறுவை என்றால் எல்லாரும் மூக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். செய்கிறவர்களுக்குக் கவலை ரத்தம். மூக்கெலும்பை நேராக்க, இரண்டு பக்கமும் சின்ன உளியை வைத்துத் தட்டிப் பிளந்து, விரலால் நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். அந்தப் பிளவில் கசிகிற ரத்தம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறி, கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய தோலுக்கடியில் போய்த் தங்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பார்த்தால் இரண்டு கண்ணும் கத்தரிக்காய் நிறம். பத்து நாளில் ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மறையும். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அழகுக்காக வந்தவர் அந்தப் பத்து நாளும் எங்களைச் சபித்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊர் நாய்க்கு நாடெங்கும் பெயர். அதற்கு மூக்கு பிறவியிலேயே நேராக, இளஞ்சிவப்பாக அமைந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால் எங்களுக்குப் பிழைப்பு ஓடியது.

அறுவை செய்கிறவர் எங்கள் டாக்டரம்மா. உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உளி தட்டும்போது மட்டும் "மெல்லகா, மெல்லகா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவருடைய பெரிய கருவி சுவர்க் கடிகாரம். கத்தி வைக்குமுன் மூக்கைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார். அதில் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தும் கலந்திருக்கும். அது முழுதாக வேலை செய்யக் கால் மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் ஐந்து நிமிஷத்தில் கத்தியை எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கமாட்டார். உறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு, தலையைச் சற்றுக் குனிந்து, ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். யாரும் பேசக்கூடாது.

நான் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிறிஸ்தவ சபை உபதேசியார் வீட்டில் பிறந்தவன். கோத்த கையையும் குனிந்த தலையையும் கண்டால் என் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, பெரியவர்கள் முடித்திருப்பார்கள் என்று ஒரு கணக்கில் மெதுவாக "ஆமென்" என்றேன்.

டாக்டரம்மா நிமிரவில்லை. "சாமுவேல், ஆமெனுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

மயக்க டாக்டர் சிரிப்பை அடக்க வெளியே போனார். அன்றிலிருந்து அந்தக் கால் மணி நேரத்துக்கு எங்கள் தியேட்டரில் ஆமென் என்றே பெயர். "ஆமென் ஆயிட்டா?" என்று கேட்டுக்கொண்டுதான் உளியை எடுத்துக் கொடுப்போம்.

மற்றதெல்லாம் பொறுமையின் சில்லறை. மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது. ரத்த அழுத்தம் ஏறாமல் மயக்க டாக்டர் பார்த்துக்கொள்வது. எலும்பு பிளந்ததும் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை மூக்கின் இரு பக்கமும் வைத்து, உள்ளங்கையால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிப்பது. அது என் வேலை. அழுத்தினால் கசிவு நிற்கும், அதிகம் அழுத்தினால் நகர்த்திய எலும்பு விலகும். நடுவில் ஓர் அளவு உண்டு. அது என் கைக்கு வர மூன்று வருஷம் ஆயிற்று. என் உடம்பில் படித்த உறுப்பு என்று சொன்னால் இந்த இரண்டு உள்ளங்கைகள்தான். ரத்தத்தில் சிவந்த துணிகளை ஒரு தட்டில் வரிசையாகப் போட்டு எண்ணுவேன். பத்துக்குள் முடிந்தால் டாக்டரம்மா "சரி" என்பார். அதற்கு மேல் பாராட்ட அவரிடம் வார்த்தை இல்லை.

அறுவைக்குப் பத்து நாள் முன்னால் மாத்திரை விசாரணை என்று ஒன்று நடக்கும். ஆஸ்பிரின் வகைத் தலைவலி மாத்திரைகள் ரத்தத்தை உறையவிடாது. அதனால் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கவேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா அண்ணாச்சி?"

"ஒண்ணும் கெடையாது."

"மருந்து?"

"அந்தப் பழக்கமே கெடையாது."

"தலவலிச்சா என்ன செய்வீக?"

"டீயோட ஒண்ணு போடுவேன். தெனமும் கடைய அடைக்கும்போது வலிக்கும்லா? ஏலே, அதப் போயி மாத்திரைன்னா சொல்லுவாக? அது டீயோட சேத்தி."

அவர் அறுவை பத்து நாள் தள்ளிப்போனது. அப்படி ஒவ்வொருவரிடமும் தோண்டித் தோண்டிக் கேட்கிறவன் நான். மற்றவர் வாயிலிருந்து எது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாயைக் காவல் காக்க ஆள் வைக்கவில்லை.

பேச்சியம்மாள் வந்தது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. முப்பது வயது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில், என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒற்றை அறையில் ஒன்பது வயது மகளோடு குடியிருந்தாள். மூக்கு நடுவில் வளைந்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் மூச்சும் அடைத்ததால் காப்பீட்டில் இடம் கிடைத்தது. மூச்சோடு சேர்த்து மூக்கும் நேராகட்டும் என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

முதல் நாளே என் மேசையிலிருந்த துணிக்கட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எங்க தறியில ஓடுனதுண்ணே."

"எப்படித் தெரியும்?"

"இழை லூசா கெடக்குல்லா? இது எனக்கு மாத்தி ஷிப்டுக்கு வாரவ ஓட்டுனது. நான் ஓட்டுனா இப்படி வராது." பிறகு கவலையோடு, "எனக்கு இதையா வைப்பீக?" என்றாள்.

படிவத்தில், மூக்கு வளைந்த காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. கேட்டேன். தறியில் நாடா தெறித்து அடித்துவிட்டது என்றாள். குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடா சில சமயம் தெறித்து முகத்தில் படுவதுண்டு, நானே பார்த்திருக்கிறேன். எழுதிக்கொண்டேன். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, அந்தக் கட்டத்துல எழுதுனத அடிச்சிருங்க. நாடா இல்ல. எம் வீட்டுக்காரரு."

நான் பேனாவை எடுத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நாலு வருஷமாச்சு, அவரு திருப்பூர் பக்கம் போயி. இப்பம் நானும் எம் பிள்ளையும் மட்டும்தான். மூக்கு எப்படி வந்தாலும் சரிண்ணே. கண்ணு மட்டும் கருக்கக் கூடாது."

"ஏம்மா?"

"எம் பிள்ளை பாத்திருக்கு. எத்தனையோ தடவ பாத்திருக்கு. இனிமே அம்மாவுக்குக் கண்ணு கருக்காது, எந்தக் காலத்துலயும் கருக்காதுன்னு அதுக்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அதுல ஒரு நம்பிக்கையா இருக்குண்ணே அது."

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு நேராகச் சொன்னார். "கருக்கும்மா. கொஞ்சமாவது கருக்கும். கருக்காதுன்னு என் வாயால சொல்லமாட்டேன். பிள்ளைய பத்து நாள் வேற எங்கயாவது விட முடியுமா?"

தேவதானத்தில் அவள் அம்மா இருந்தார்கள். காலாண்டு விடுமுறை. மகள் தர்ஷினி தேவதானத்துக்குப் போனாள். திட்டத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. டாக்டரம்மாவின் திட்டத்தில் ஓட்டை இருக்காது. அதைப் போடுவதற்கென்று வேறு ஆள் இருந்தான்.

அறுவை அன்று ஆமென் முழுதாக முடிந்தது. உளி இரண்டு பக்கமும் காகிதம் கிழிக்கிற மாதிரிப் போயிற்று. என் உள்ளங்கைகள் பத்து நிமிஷமும் அசையவில்லை. கடைசியில் தட்டைப் பார்த்தேன். நாலே துணி சிவந்திருந்தது. நாலு! டாக்டரம்மா தட்டைப் பார்த்து "சரி" என்றார். கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஒரு தடவை "சரி" என்றார். இரண்டாவது "சரி" எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். கேடு அங்கேயே ஆரம்பித்தது.

மறுநாள் காலை மூக்கின் மேல் மாவுக்கட்டு, மூக்குக்குக் கீழே கசிவை உறிஞ்ச மீசை மாதிரி ஒரு துணி. அந்தத் துணிமீசை எல்லாருக்கும் உண்டு. இடக் கண்ணுக்குக் கீழே மட்டும், சரியாகத் துடைக்காத குங்குமம் போல லேசான சிவப்பு. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார்.

"நல்லாருக்கு. ஆனா நாளைக்குத்தான் முழுசாத் தெரியும்." என் பக்கம் திரும்பி, "பதினோரு மணிக்கு அனுப்பலாம். அதுக்கு முன்னால ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தாலும் இங்கயே இருக்கட்டும். எனக்குச் சொல்லுங்க." கீழே நோயாளிகளைப் பார்க்கப் போனார்.

பிறகு என் பிரசங்கம் தொடங்கியது. அன்றைக்கு நான் நல்ல ஃபார்மில் இருந்தேன். "குனியாதே. கீழ பத்து ரூவா கெடந்தாக்கூட, அது எனக்குத்தான்னு நெனச்சிக்கோ. மூணு தலகாணி வச்சு, மகாராணி மாதிரி சாஞ்சே தூங்கு. சூடா காப்பி குடிக்காதே. அழாதே. சிரிக்காதே."

"நீங்க பேசாம இருந்தா சிரிக்கமாட்டேம்ணே" என்று மீசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நெசமாச் சொல்லுங்க. இதுக்கு மேல கருக்குமா?"

நாளைக்குத்தான் தெரியும் என்பது பதில். அந்த அறையில் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட பதில். ஆனால் என் கண்ணுக்குள் அந்தத் தட்டும் நாலு துணியும் இருந்தன.

"கருக்காது. நான் சொல்லுதேன். இத்தனை வருஷத்துல நாலு துணியில முடிஞ்ச மூக்கை நான் பாத்ததில்ல. தேவதானத்துக்குப் போனைப் போடு. பிள்ளைய இன்னைக்கே கூட்டியாரச் சொல்லு."

அவள் போன் செய்தாள். "எம்மா, தர்ஷினிய மத்தியான பஸ்ஸுல கூட்டிட்டு வந்திரு. கருக்கலம்மா. நெசமாத்தான். அண்ணன் சொல்லிட்டாக." போனை வைத்தாள். கட்டிலைவிட்டு இறங்கினாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் இந்தக் கட்டுரையே வீண். மண்டி போட்டு, நெற்றி தரையில் பட, என் காலில் விழுந்தாள்.

எங்கள் வீட்டில் காலில் விழும் வழக்கம் கிடையாது. தேவனைத் தவிர யாரையும் வணங்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் விழாத வீட்டில் பிறந்தவனுக்கு, தன் காலில் ஒருவர் விழும்போது உள்ளுக்குள் ஓர் இனிப்பு ஊறும் என்பதை அவர் சொல்லவில்லை. பேச்சியம்மாளின் சொந்தக்காரர்களில் யார் காலில் அவள் விழுந்திருந்தாலும், "நல்லாரு தாயி" என்று அந்த நொடியே தூக்கிவிட்டிருப்பார்கள். எங்கள் சபையில் யாரும் இப்படித் தலையைத் தரையில் வைப்பதில்லை. நிமிர்ந்து முழங்காலில் நிற்பவர் தலைமேல் கைவைத்து ஜெபம் செய்வார்கள், எவ்வளவு நீளமானாலும் பாதகமில்லை. நான் இரண்டையும் கலந்தேன். அவள் தலையில் என் படித்த உள்ளங்கையை வைத்தேன். வைத்த கை ஒரு ஜெபம் கேட்டது. அப்பாவின் குரலிலேயே வந்தது. இந்த மகளை, இவள் கையின் பிரயாசத்தை, இவள் பிள்ளையை, இவள் போக்கையும் வரத்தையும் என்று ஒன்றொன்றாக விரிந்தது. அவளோ, பெரியவர் ஏதோ சொல்லும்போது பாதியில் எழுந்திருக்கலாமா என்று தரையிலேயே தலையை வைத்துக் கிடந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம்.

"ஆமென்" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

அவள் நிமிர்ந்தாள். மீசைத் துணி முழுக்கச் சிவப்பு. தரையில் நாலைந்து சொட்டு. என் வெள்ளைச் செருப்பில் ஒன்று.

உட்கார வைத்தேன். தலையை உயர்த்தினேன். ஐஸ் வைத்தேன். கால் மணி நேரத்தில் நின்றது. "ஒண்ணுமில்லண்ணே, வலிக்கல" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். இன்டர்காமை எடுத்தேன். டாக்டரம்மா ஒரு மாடி கீழே இருந்தார். ரத்தம் வந்தது என்றால், எப்படி வந்தது என்பார். குனிந்தாள் என்றால், எதற்குக் குனிந்தாள் என்பார். ஜெபம் செய்துகொண்டிருந்தேன் டாக்டர் என்று சொல்கிற என் குரலை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

புதுத் துணி வைத்தேன். சிவந்த துணியைத் தட்டில் போட்டால் எண்ணிக்கையில் வரும். மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து எங்கள் சபைக் கோவில் வாசலில் செருப்பு மாட்டும்போது போன் வந்தது.

"அண்ணே, கண்ணு தொறக்க முடியல."

பார்வை எப்படி, ரத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். நாலு தெரு. கதவைத் திறந்தது தர்ஷினி. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவில் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகுதான் வழிவிட்டாள்.

பேச்சியம்மாள் மூன்று தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள். இரண்டு கண்ணும் வீங்கி மூடி, ஊதாவும் கறுப்புமாக இருந்தன. விலக்கிப் பார்த்தேன். பார்வை தெளிவு, புதிதாகக் கசிவு இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

காத்திருந்த நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்பதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதற்கு வழி. பக்கத்து வீட்டு ஃப்ரிஜ்ஜிலிருந்து ஐஸ் வாங்கி வைத்திருந்தாள். தறித் துணியை நாலாக மடித்து, ஐஸை நடுவில் வைத்துச் சுற்றினாள். மூக்கைத் தொடாமல், கன்னத்தின் மேட்டில் வைத்தாள். உதட்டுக்குள் எண்ணினாள். எடுத்தாள். கொஞ்சம் விட்டு, மறு கன்னம். புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு இதைச் சொல்லித்தர எனக்கு ஒரு வாரம் ஆகும். நேரே தோலில் வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் மூக்கில் அழுத்துவார்கள்.

"யாருட்டி இதைச் சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லல." கை நிற்கவில்லை. "நேரா வச்சா எரியும். நூறு எண்ணிட்டு எடுக்கணும்."

"நூறா?"

"மின்ன எனக்கு இருவது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அஞ்சு தடவ எண்ணுவேன்."

மின்ன என்றால் ஐந்து வயதில்.

பேச்சியம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "தங்கம், டாக்டர் மூக்கைச் சரி பண்ணுனாகல்லா, அதான் இப்படி இருக்கு. யாரும் ஒண்ணும் செய்யல." பிள்ளை தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. அம்மா காரணம் சொல்லும்போது தலையாட்ட வேண்டும் என்று ரொம்ப நாளைக்கு முன்பே பழகியிருந்தாள்.

டாக்டரம்மா காரில் வந்தார். அரை மணி நேரம் பார்த்தார். எலும்பு நகரவில்லை, மூக்குக்கு ஒன்றுமில்லை, வீக்கம் வடியும் என்றார். நான் அவரோடு தெருவுக்கு வந்து, கார்க் கதவருகே எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னது, காலில் விழுந்தது, ஜெபம், பையில் வைத்த துணி. அவர் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டார். குனிந்த தலை. தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணி அடித்துப் போனது.

"எம்புட்டு நேரம் குனிஞ்சிருந்தா?"

"ஒரு நிமிஷம் இருக்கும் டாக்டர்."

"அதுனாலதான்னும் சொல்ல முடியாது. அது இல்லாமலும் கருத்திருக்கலாம்." கோத்த கையைப் பிரித்துக்கொண்டு, "எனக்குச் சொல்லியிருந்தா உள்ளயே வச்சுப் பாத்திருப்பேன். கருத்திருந்தாலும், பிள்ளைய ஊருலயே இருக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். கார்க் கதவைத் திறந்தார். "அந்தப் பிள்ளைக்கு நெசத்தைச் சொல்லணும் சாமுவேல். நான் சொன்னா நம்பாது. நானும் அவ அம்மா மாதிரிதான் சொல்லுவேன்."

மறுபடி உள்ளே போனேன். பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். கால் நரம்பு அப்போதே இழுக்கும். டாக்டர் செய்தது சரியாகத்தான் இருந்தது என்றேன். அம்மா குனியக் கூடாது, நான்தான் குனியவிட்டேன் என்றேன். ரத்தம் வந்ததை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன் என்றேன். "உங்க அம்மா கண்ணு இப்படி ஆனதுக்கு நான்தாம்மா காரணம்."

தர்ஷினி எண்ணுவதை நிறுத்தினாள். என்னை முதன்முதலாக முழுதாகப் பார்த்தாள். அவளுக்கு இதுவரை சொல்லப்பட்ட எத்தனையோ காரணங்களில் அவள் நம்பியது இது ஒன்றைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. இதற்கு முன்னால் கண் கருத்த ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் இருந்தான். இந்தத் தடவைக்கும் ஆள் கிடைத்துவிட்டான்.

"நீங்க இனிமே வரமாட்டீகல்ல?"

"ஏட்டி! என்ன பேச்சு பேசுத, மாமாகிட்ட?" என்று பேச்சியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா, எந்திரிக்காத." பிள்ளையிடம் சொன்னேன். "வரமாட்டேன்."

திங்கட்கிழமை டாக்டரம்மா டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் தன் கையால் ஒன்பதாவது வரியை எழுதினார். அதுதான் பிறகு அச்சில் ஏறி, இன்றுவரை எல்லாரையும் சிரிக்க வைக்கிறது. என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இருபதடி சுற்றி வந்து காலில் விழ முயன்றவர்களும் உண்டு. நானும் சுற்றியிருக்கிறேன். தலையணைக்காரன் நடித்ததில் மிகை எதுவுமில்லை, தொப்பையைத் தவிர.

ஏழாம் நாள் மாவுக்கட்டுப் பிரிக்க அவர்கள் வந்தார்கள். பிரிப்பதும் என் வேலைதான். அன்று வேறு ஆளை அனுப்பிவிட்டு தியேட்டர் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கதவில் முகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. பேச்சியம்மாளின் முதுகுதான் தெரிந்தது. சிஸ்டர்கள் சுற்றி நின்று, "ஏயப்பா, என்ன நேரா வந்திருக்கு!" "நடிகை மாதிரில்லா இருக்க!" என்று கைதட்டினார்கள். யாரோ கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியாது. அடுத்த வருஷமே தேவதானத்துக்குக் குடிபோய்விட்டார்கள் என்று கேள்வி. கட்டுப் பிரித்த அந்த மூக்கை நான் பார்த்ததே இல்லை. என் கைக்குள் இருந்த மூக்குகளிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று டாக்டரம்மா சொன்னார்.

பிள்ளை அம்மாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்க்கவில்லை. கையை உயர்த்தி, அம்மாவின் கண்ணுக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். அந்த இடம் அப்போது மஞ்சளுக்கு மாறியிருக்கும். வைத்த விரலை எடுக்காமல், உதடு மட்டும் அசைய, எண்ண ஆரம்பித்தாள்.